இருபத்தைந்துக்குப் பிறகு மனிதர் வளர்கிறாரா? முதிர்பருவங்கள் பற்றி ஒரு விரிவான பதில்

நாகர்கோவிலில் செவிலியர் பட்டப்படிப்புப் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் பாடநூலில் இருபது முதல் நாற்பது வரை இளமுதிர்பருவம், நாற்பது முதல் அறுபது வரை நடுவயது, அதற்கு மேல் முதுமை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உடல், மனம், சமூகம் என மூன்று பத்தி எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலோ 28 வயது அண்ணன் இன்னும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். அப்பா 53 வயதில் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து, பேச்சில்லாமல் இருக்கிறார். பாட்டிக்கு எல்லாம் மறந்துபோகிறது என்கிறார்கள். இவர்கள் எவரும் பாடநூலோடு பொருந்தவில்லை. பருவம் என்பது உண்மையிலேயே உண்டா? நாற்பதில் எல்லோருக்கும் ஒரு மனநெருக்கடி வரும் என்பது சரியா?”

பருவங்கள் உண்டு. ஆனால் வயதை வைத்துக் கோடு கிழித்து அவற்றைப் பிரித்துவிட முடியாது. உடலுக்கு ஒரு காலக்கணக்கு இருக்கிறது. ஊரும் உறவும் வைத்திருக்கும் கணக்கு வேறு. மனம் பக்குவப்படும் கணக்கு இன்னொன்று. பாடநூல் இந்த மூன்றையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுவதால், அவை சேர்ந்தே நகர்கின்றன என்ற எண்ணம் படிப்பவருக்கு வந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் நீங்கள் காண்பது அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும் இடங்களை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெர்னிஸ் நியூகார்ட்டன், எந்த வயதில் படிப்பு முடிய வேண்டும், எப்போது கல்யாணம், எப்போது பேரப்பிள்ளை என்று ஒவ்வொரு சமூகமும் எழுதாமலேயே வைத்திருக்கும் அட்டவணைக்கு 1960களில் ‘சமூகக் கடிகாரம்’ என்று பெயர் கொடுத்தார். ஒரு நிகழ்வு ஒருவரை எவ்வளவு உலுக்கும் என்பது அந்த நிகழ்வை மட்டுமன்றி, அது உரிய காலத்தில் வந்ததா, காலம் தப்பி வந்ததா என்பதையும் பொறுத்தது என்பது அவர் வலியுறுத்திய கருத்து. எழுபது வயதில் கணவனை இழப்பதும் இருபத்தேழு வயதில் இழப்பதும் ஒன்றல்ல என்பதை நம் கடற்கரை ஊர்களில் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை வளர்ச்சி உளவியல் என்றால் பெரும்பாலும் குழந்தை உளவியல்தான். 1950இல் எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் வாழ்நாள் முழுவதையும் எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, கடைசி மூன்றை முதிர்பருவத்துக்கு ஒதுக்கினார். இளமையில் நெருக்கமா தனிமையா, நடுவயதில் ஆக்கமா தேக்கமா, முதுமையில் நிறைவா விரக்தியா என்பவையே அந்த மூன்று இழுபறிகள். நம் மரபிலும் பருவப் பிரிப்பு உண்டு. பேதை தொடங்கிப் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்களைச் சொல்லும் அந்த வரிசை நாற்பது வயதோடு நின்றுவிடுகிறது. உலா பாடிய புலவர்களின் கண்ணுக்கு அதற்கு மேற்பட்ட பெண்கள் தென்படவில்லை போலும். எரிக்சன் குறைந்தபட்சம் கிழவர்களையும் கணக்கில் சேர்த்தார். அவர் காலமான பின், தொண்ணூறு வயதைக் கடந்திருந்த அவருடைய மனைவி ஜோன் எரிக்சன், எண்பதுக்கு மேல் வாழ்பவர்களுக்கு எட்டாவது கட்டம் போதாது என்று ஒன்பதாவது ஒன்றை 1997இல் சேர்த்தார். உள்ளே இருந்து பார்த்தவர் எழுதிய திருத்தம் என்பதால் எனக்கு அதில் மதிப்பு அதிகம்.

உடலின் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மூன்றில் இதுவே ஓரளவு எல்லோருக்கும் பொதுவானது. திட்டமிடுதலையும் அவசரத்தை அடக்குவதையும் கவனிக்கும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுவில்தான் முதிர்ச்சி அடைகிறது. எலும்பின் அடர்த்தி முப்பது வயதை ஒட்டி உச்சத்தைத் தொடுகிறது. அதன் பிறகு தசையும் மூச்சுத்திறனும் மெல்ல மெல்லக் குறைகின்றன. உடற்பயிற்சி இல்லாதவரிடம் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் பத்தாண்டுக்கு ஏறத்தாழ பத்து விழுக்காடு இறங்கும். ஆனாலும் முப்பதுகளில் யாரும் இதை உணர்வதில்லை, காரணம் ஒவ்வொரு உறுப்பிலும் அன்றாடத் தேவைக்கு மேல் பெரிய இருப்பு உள்ளது. இந்த இருப்பைப் புரிந்துகொண்டால் ஒரு புதிர் அவிழும். பனை ஏறுபவர் நாற்பதிலேயே தமக்கு வயதாகிவிட்டது என்கிறார். வங்கியில் எழுத்தராக இருப்பவர் ஐம்பத்தைந்திலும் அப்படிச் சொல்வதில்லை. பனையேறியின் தசை வங்கி எழுத்தரின் தசையைவிடப் பெரும்பாலும் வலுவாகவே இருக்கும். ஆனால் அவருடைய தொழில் அந்த வலுவின் கடைசி எல்லை வரை கேட்கிறது. எனவே சிறு குறைவும் அன்றே தெரிந்துவிடுகிறது.

உங்கள் அண்ணனைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. 18 முதல் 25 வரையான வயதை ‘முகிழ்க்கும் முதிர்பருவம்’ என்னும் பொருளில் ஒரு தனிக் கட்டமாக அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000இல் முன்வைத்தார். படிப்பு நீண்டு, வேலையும் கல்யாணமும் தள்ளிப்போகும் சமூகங்களில் மட்டும் காணப்படும் கட்டம் இது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டுடன் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதலிடத்தில் இருந்த நம் மாவட்டத்தில், பட்டம் பெற்றவர்களுக்கு இந்தக் கட்டம் முப்பது வரையும் இழுக்கிறது. கல்யாண வீட்டில் “மக்களே, ஜோலி ஒண்ணும் ஆகலியா?” என்று கேட்பவர் சமூகக் கடிகாரத்தைத்தான் அண்ணன் முகத்துக்கு நேரே காட்டுகிறார். அதே 28 வயதில் தூத்தூரிலோ வள்ளவிளையிலோ ஒருவர் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தூண்டில் போட்டு, இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தையாகி, படகுக் கடனில் தம் பங்கையும் சுமந்துகொண்டிருப்பார். இருவரின் மூளையும் எலும்பும் ஒரே பருவத்தில் இருக்கின்றன. சமூகம் ஒருவரைப் பெரியவர் என்று ஏற்றுக்கொண்டுவிட்டது, இன்னொருவரை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. அண்ணனுக்கு இப்போது ஆபத்தானது வேலையின்மையைவிட, அதை முன்னிட்டு நண்பர்களிடமிருந்தும் உறவுகளிடமிருந்தும் ஒதுங்கிக்கொள்வதுதான். எரிக்சன் சொன்ன நெருக்கம் கல்யாணத்தை மட்டும் குறிப்பதன்று, நட்பும் அதில் அடங்கும்.

உங்கள் கேள்வியில் அண்ணன், அப்பா, பாட்டி மூவரும் வருகிறார்கள். அம்மா வரவில்லை. இதைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. நடுவயதுப் பெண்ணுக்கு நிகழும் மாற்றங்களை வீடு கவனிப்பதில்லை என்பது பொதுவாகவே உண்மை. அவர் அந்த மூவரையும் தாங்கிக்கொண்டிருப்பதால் அவரைத் தனியாக யாரும் பார்ப்பதில்லை. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில், அதாவது மேலைநாட்டுப் பெண்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாக. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கொள்வார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் உடல் சட்டென்று சூடேறி வியர்ப்பதும், தூக்கம் கலைவதும், காரணமில்லாத எரிச்சலும் வரலாம். நின்ற பிறகு வரும் சில ஆண்டுகளில் எலும்புத் தேய்வு வேகம் பிடிக்கிறது. ‘அண்டி ஆபீஸ்’ என்று ஊரார் சொல்லும் முந்திரி ஆலைகளில் நாள் முழுவதும் உட்கார்ந்து ஓடு உடைக்கும் பெண்களிடம் மூட்டுவலியையும் தூக்கமின்மையையும் வேலையின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பாதி அப்படித்தான் இருக்கலாம், மறுபாதி உடலின் கணக்கு. செவிலியராகப் போகும் நீங்கள் நாற்பதுகளில் உள்ள எந்தப் பெண்ணிடமும் ‘கடைசியாக எப்போது வந்தது’ என்று கேட்காமல் குறிப்பெழுதி முடிக்க வேண்டாம்.

நடுவயதின் மற்றொரு மாற்றம் மிகச் சிறியதாகத் தோன்றுவது, ஆனால் கூலியைத் தொடுவது. நாற்பதை ஒட்டிக் கண்ணின் வில்லை நெகிழ்ச்சியை இழப்பதால் கிட்டத்தில் உள்ளவை மங்குகின்றன. ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி விடியும் முன்னே, தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், பட்டையை உரிய ஆழம் வரை சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரம் காயப்படும். அவருடைய வெட்டு பழுதானால் கை தளர்ந்துவிட்டது என்பார்கள். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது கடந்தவர்களுக்குக் கிட்டத்தில் உள்ளவற்றைப் பார்ப்பதற்கான கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2018இல் வெளியானது. கண்ணாடி அணிந்தவர்கள் பறித்த இலையின் அளவு, அணியாதவர்களைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. முதுமை என்று நாம் விட்டுவிடுவதில் எவ்வளவு, ஒரு கண்ணாடியின் விலையில் தீரக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அறிவுத்திறன் பற்றிப் பாடநூல் பெரும்பாலும் இறங்கும் கோட்டைத்தான் வரைந்து காட்டும். உளவியலாளர் வார்னர் ஷாயி 1956இல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கி, அதே மனிதர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து சோதித்தார். சொற்பொருள் அறிவும் காரணம் கண்டறியும் திறனும் பலரிடம் நடுவயதில்தான் உச்சத்தில் இருந்தன. விரைந்து பார்த்துப் பிரித்தறியும் வேகம் மட்டும் இளமையிலிருந்தே குறைந்துவந்தது. ஒரே நாளில் இளைஞரையும் முதியவரையும் சோதித்து ஒப்பிடும்போது இந்த உண்மை மறைந்துவிடுகிறது, ஏனெனில் அங்கே வயதோடு படிப்பும் காலமும் கலந்துவிடுகின்றன. மூன்றாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திய 75 வயதுப் பாட்டியின் மதிப்பெண்ணையும் பட்டம் படிக்கும் பேத்தியின் மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்தால், அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி முதுமையால் வந்ததன்று, பள்ளியால் வந்தது.

நாற்பதின் நெருக்கடிக்கு வருகிறேன். அந்தச் சொல்லை 1965இல் எலியட் ஜாக்ஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர், கலைஞர்களின் வாழ்க்கையை ஆராய்ந்தபோது உருவாக்கினார். உளவியலாளர் டேனியல் லெவின்சன் 1978இல் அதைப் பரவலாக்கினார். அவர் நேர்கண்டவர்கள் அமெரிக்க ஆண்கள் நாற்பது பேர். அதன் பிறகு 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய பெரிய நடுவயது ஆய்வின் ஒரு பகுதியில், நடுவயது நெருக்கடி தமக்கு வந்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான். அவர்களிலும் பலர் குறிப்பிட்டது வேலை போனது, மணமுறிவு, நோய் போன்ற நிகழ்வுகளை. ஆகவே நாற்பது வயது தானாக எதையும் கொண்டுவருவதில்லை. பொதுவாகப் பார்த்தால் இருபதுகளைவிட நடுவயதில் மனிதர்கள் பொறுப்புக் கூடியவர்களாகவும் பிறரோடு இணங்கிப் போகிறவர்களாகவும் சஞ்சலம் குறைந்தவர்களாகவும் மாறுகிறார்கள் என்பதே ஆளுமை ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கிடைக்கும் முடிவு. இருபத்தைந்துக்குப் பிறகு வளர்ச்சி உண்டா என்ற கேள்விக்கு இதுவே நேரடிப் பதில்.

எரிக்சன் நடுவயதுக்குச் சொன்ன ‘ஆக்கம்’ என்பது அடுத்த தலைமுறையை வளர்த்து நிறுத்துவது. யாரை வளர்க்க வேண்டும் என்பதை ஊர்தான் தீர்மானிக்கிறது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே 1926ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்ச் சட்டம் வரும்வரை மருமக்கள்வழி நடைமுறையில் இருந்தது. ஒருவருடைய சொத்து சகோதரியின் பிள்ளைகளான மருமக்களுக்குப் போகும், பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்ற பெயரில் ஒரு பங்கு கிடைக்கும். அந்த அமைப்பில் ஐம்பது வயதுக் காரணவர், அதாவது குடும்பத்தின் மூத்த ஆண் தலைவர், தம் கடமையைச் சரியாகச் செய்தார் என்றால், அவர் வளர்த்தது மருமக்களை. தந்தையின் மனம் ஒரு பக்கமும் காரணவரின் கடமை ஒரு பக்கமும் இழுத்த அந்தத் தலைமுறையின் நடுவயது, அமெரிக்கப் பாடநூலின் நடுவயதாக இருந்திருக்க முடியாது. பருவத்தின் கேள்வி ஒன்றாக இருக்க, விடை இடத்துக்கு இடம் மாறுகிறது.

உங்கள் அப்பாவின் நிலையை இதோடு சேர்த்துப் பாருங்கள். வளைகுடாவில் உழைத்த ஆண்களின் ஆக்கம் பணமாகவே வீடு வந்து சேர்ந்தது. வீடு எழும்பியது, பிள்ளைகள் படித்தார்கள், நகை சேர்ந்தது. ஆனால் பிள்ளையின் காய்ச்சலுக்கு இரவில் கண்விழித்ததும், பள்ளியில் கையெழுத்துப் போட்டதும், சம்பந்தம் பேசியதும் அம்மாதான். விடுமுறையில் மிட்டாயும் துணியும் கொண்டுவரும் விருந்தாளியாக அவரைப் பிள்ளைகள் அறிந்திருந்தார்கள். இப்போது அவர் திரும்பி வந்திருப்பது தாம் கட்டிய, ஆனால் தமக்கு வேலை இல்லாத ஒரு வீட்டுக்கு. தீர்மானம் எடுக்கும் பழக்கம் அம்மாவிடம் இருக்கிறது. அதைத் திரும்பக் கேட்டால் சண்டை வரும், கேட்காவிட்டால் மௌனம் வரும். உடல் அறுபது வரை உழைக்கத் தயாராக இருக்க, சமூகம் அவரை ஓய்வு பெற்றவராக ஆக்கிவிட்டது. இது ஒரு பருவ மாற்றம், இதற்கு ஓரிரு ஆண்டுகள் ஆவது இயல்பு. அறிவுரை கூறுவதைவிட, அவர் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பொறுப்பை வீட்டில் அவருக்கு விட்டுக்கொடுப்பது பயன் தரும். அண்ணனோடு பேச வேண்டியவர் அவராகவும் இருக்கலாம். ஆனால் மௌனம் எல்லாமே புதிய நிலைக்குப் பழகிக்கொள்வதுதான் என்று எண்ணிவிடவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, விடியலுக்கு வெகு முன்பே விழிப்பு, பசியின்மை, சாவைப் பற்றிய பேச்சு இவை சேர்ந்து தெரிந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நம் பக்கத்து ஆண்கள் அதை மனத்தின் பெயரில் சொல்ல மாட்டார்கள், ‘மேலுக்குச் சரியில்லை’ என்றே சொல்வார்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

காலம் தப்பிய நிகழ்வுகளைப் பற்றி ஒரு சொல். 2017 நவம்பர் 30 அன்று ஒகி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களில் பலர் திரும்பவில்லை, பலருடைய உடலும் கிடைக்கவில்லை. இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த பெண்கள் ஒரே வாரத்தில் முதுமைக்குரிய இழப்பைச் சந்தித்தார்கள். அதே வீட்டில் மகனைப் பறிகொடுத்த பெற்றோரும் இருந்தார்கள். உடலைப் பார்க்காத இழப்பை, பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்ப ஆய்வாளர் ‘தெளிவற்ற இழப்பு’ என்று தனியாகப் பிரித்தார். சடங்கும் முடிவும் இல்லாததால் துக்கம் அதன் வழியில் நகர முடியாமல் நின்றுவிடுகிறது. இத்தகைய பெண்ணை ‘இளமுதிர்பருவம், நெருக்கம்’ என்ற கட்டத்தில் வைத்து மதிப்பிட்டால் எதுவுமே புரியாது.

முதுமையில் குறைவது எது, தேர்ந்தெடுத்து விடுவது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். வயதாக ஆக மனிதர்கள் உறவு வட்டத்தைச் சுருக்கிக்கொள்வதைத் தனிமை என்றே முன்பு எண்ணினார்கள். எஞ்சிய காலம் குறைவு என்று உணரும்போது மனத்துக்கு நெருக்கமானவர்களை மட்டும் வைத்துக்கொள்வது ஒரு தேர்வு என்று உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் காட்டினார். பால் பால்டஸ் என்ற மற்றோர் உளவியலாளர் சொன்னது இன்னும் செயல் சார்ந்தது. இருப்பதில் சிலவற்றைத் தேர்ந்து, அவற்றை மெருகேற்றி, இழந்ததை வேறு வழியில் ஈடு செய்பவரே நன்றாக மூப்படைகிறார். ஆழ்கடலை விட்டுவிட்டுக் கரையில் நின்று இழுக்கும் கரமடி வலையின் கயிற்றைப் பிடித்து, பகலில் வலை பின்னி, மேகத்தைப் பார்த்து இளையவர்களுக்கு யோசனை சொல்லும் மீனவர் அந்த மூன்றையும் செய்கிறார். தசையையும் கைவிட வேண்டியதில்லை. 1990இல் பாஸ்டனில் தொண்ணூறு வயதை ஒட்டிய முதியோர் இல்லவாசிகள் பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக இரு மடங்குக்கும் மேல் ஆனது.

முதுமையின் சமூகப் பக்கத்தில் சொத்தும் ஒரு பகுதி. நிலத்தை எழுதிக் கொடுத்த மறுநாளே வீட்டில் தம் சொல்லின் எடை குறைவதைப் பல பெற்றோர் உணர்கிறார்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெற வழி செய்கிறது. நாகர்கோவில், பத்மநாபபுரம் கோட்டாட்சியர்களிடம் இதற்காக முறையிடலாம். செட்டில்மெண்ட் பத்திரத்தில் அந்த நிபந்தனையை ஒரு வரியாக எழுதிவைப்பது பின்னால் வரும் வழக்கைப் பெருமளவு எளிதாக்கும்.

பாட்டியின் மறதி. பெயர் நாவின் நுனியில் நின்று தாமதமாக வருவதும், கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும் வயதின் வழக்கம். ஐம்பது ஆண்டு நடந்த வழியில் திசை தவறுவதும், குழம்பு வைக்கும் வரிசை மறப்பதும், சொன்னதையே சில நிமிடத்தில் மீண்டும் மீண்டும் கேட்பதும் மறதிநோயின் அறிகுறியாக இருக்கலாம். நோய் என்று முடிவு கட்டுவதற்கு முன்னர் அவருடைய காதைச் சோதியுங்கள். முதுமையில் முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகள். மெய்யெழுத்துகள் மங்கிப் பேச்சு பாதியாகக் கேட்கும், திருவிழா ஒலிபெருக்கிக்கு நடுவே ஒன்றுமே பிடிபடாது. கேட்காததை எப்படி நினைவில் வைப்பது? அடுத்து தைராய்டு, வைட்டமின் பி12, சர்க்கரை ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அவர் தினமும் விழுங்கும் மாத்திரைகள் அத்தனையையும், தூக்க மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தாத்தா போன பிறகுதான் இந்த மறதி தொடங்கியதா என்று அம்மாவிடம் கேளுங்கள், ஏனெனில் முதியவரின் மனச்சோர்வு மறதியின் தோற்றத்தில் வருவதுண்டு. இவற்றையெல்லாம் தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், நினைவாற்றலைச் சோதிக்கும் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்திருக்கும்.